மா பெப்பின் ஃபிக் மாவும் பதினைந்து நாடுகளும்

டென்னரி மலைச்சரிவில் பெர்பெட்டுவா ஃபெலிசியன், அதாவது மா பெப், பிறக்காமல் இருந்திருந்தால் கரீபியன் கடலில் பதினைந்து நாடுகள் இன்றைக்கு ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்காது. தீவுகளெல்லாம் கயிறு அறுந்த ஓடங்கள் மாதிரி ஆளுக்கொரு திசையில் மிதந்து போயிருக்கும். ஒன்று ஆப்பிரிக்காவில் போய் முட்டியிருக்கும், இன்னொன்று துருவத்தில் போய்ப் பனியில் உறைந்திருக்கும். சாகுவராமஸில் மந்திரிமார்கள் கூடி, கோட்டுக்குள் வேர்த்து வழிய, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே, அது வியாபாரத்துக்காகவும் இல்லை, சட்டத்துக்காகவும் இல்லை. இந்த வருஷம் செயின்ட் லூசியாவில் ஒரு பெண்குழந்தை பிறக்கும், அது வளர்ந்து மாவு அரைக்கும், அந்த மாவு கடல் தாண்டிப் போகவேண்டியிருக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பக்கத்தை நிரப்ப எழுதியது.

இதில் உண்மை என்று பிழிந்து பார்த்தால் ஒரு சொட்டுதான் விழும். ஒப்பந்தமும் மா பெப்பும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. அவள் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வாழைத்தார் வெட்டப் போனாள். பதினாறில் பெட்டி கட்டும் கொட்டகையில் சேர்ந்தாள். வாரத்துக்கு ஒரு கப்பல் இங்கிலாந்துக்குப் போகும். காயின் நீளம் குறைந்தால் கழி, தோலில் கீறல் விழுந்தால் கழி, வளைவு பிடிக்காவிட்டால் அதையும் கழி. கழித்ததை மாட்டுக்குப் போடுவார்கள். சில சமயம் கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து ஒரு தாள் வரும்: இத்தனை பெட்டி வேண்டாம் என்று. ஏன் என்று அதில் இருக்காது. யாரைக் கேட்பது என்றும் இருக்காது. ஒருநாள் அந்தக் கப்பலே வருவதை நிறுத்திக்கொண்டது. அதற்கும் யாரும் காரணம் சொல்லவில்லை.

மா பெப் அழுதுகொண்டு உட்காரவில்லை. கப்பல் ஏறாத காயெல்லாம் கண்முன் கிடந்தது. உரித்தாள், சீவினாள், பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகையில் காயவைத்தாள், அரைத்தாள். கஞ்சிக்கு அதைவிட நல்ல மாவு கிடையாது. டென்னரியில் பல் முளைக்காத பிள்ளைகள் எல்லாம் அதில்தான் வளர்கின்றன. முதலில் தனியாளாகச் செய்தாள். பிறகு பக்கத்து வீட்டு வெரோனிக் வந்தாள். இப்போது ஆறு பெண்கள் காலையிலிருந்து உட்கார்ந்து உரிக்கிறார்கள். ஆறு பேர் கையும் வாழைக்கறையில் கறுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடக் கையுறை இல்லாமல் போகமுடியாத நிலைமை.

வடக்கே ஒரு பெரிய தீவு இருக்கிறது. பெயர் வேண்டாம், அங்கே நமக்குச் சம்பந்திகள் உண்டு. அந்தத் தீவில் கஞ்சிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் மா பெப்பின் மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பார்த்துவிட்டு நாற்பது மூட்டை கேட்டாள். ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டில் விளைந்த பொருள் இன்னொரு சேர்ந்த நாட்டுக்கு வரியில்லாமல் போகலாம். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான்: இது இங்கே விளைந்தது, இன்னார் விளைவித்தார், இப்படிக்கு என்று கையெழுத்து. மா பெப் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தில், தப்பில்லாமல், பொருளின் பெயர் என்ற கட்டத்தில் எழுதினாள்: பச்சை ஃபிக் மாவு.

இங்கேதான் விஷயம். எங்கள் தீவில் வாழைக்காய்க்குப் பெயர் ஃபிக். பழைய பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர், நாங்கள் எடுத்துவைத்துக்கொண்டோம். உலகத்தில் மற்றவர்களெல்லாம் ஃபிக் என்று அத்திப்பழத்தைச் சொல்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்கள்தான் தப்பு என்று நினைத்திருப்போம். தலைநகரத்து வர்த்தக அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்த எவரிஸ்டும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். அவன் சரக்குப் பட்டியலில் ஃபிக் என்ற வார்த்தையைத் தேடினான், இருந்தது, அதற்கு நேரே இருந்த எண்ணைக் கட்டத்தில் எழுதினான், முத்திரை குத்தினான். மத்தியானம் அவன் சாப்பிட்டதும் ஃபிக்கும் கருவாடும்தான்.

மூட்டைகள் கப்பலேறி மூன்று வாரம் கழித்து, அவற்றை நிறுத்திவைத்திருப்பதாக அந்த வடக்குத் தீவின் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மா பெப் கொட்டகை வாசலில் நின்று இரண்டு தடவை படித்தாள்.

"என்னடி எழுதியிருக்கு? மொகம் ஏன் இப்படிப் போகுது?" என்றாள் வெரோனிக், கையில் பாதி உரித்த காயோடு.

"நம்ம ஃபிக் நம்ம ஃபிக் இல்லையாம்."

"பின்ன யாரோடதாம்?"

"துருக்கியாம். இல்லேன்னா கிரீஸாம். நம்ம நாட்டுல ஃபிக் வெளையறதே இல்லையாம். வெளியிலேருந்து வாங்கி, நம்மளோடதுன்னு பொய்ச் சான்று குடுத்து, வரியில்லாம தள்ளிவிடப் பாத்தோமாம்."

வெரோனிக் காயைக் கீழே வைத்தாள். "துருக்கியா? நானே இந்த மலையைத் தாண்டிப் போனதில்ல. நான் உரிச்ச காய் துருக்கி போய்ட்டு வந்துருக்கா? குடுத்துவெச்ச காயி!"

ஆறு பேரும் சிரித்தார்கள். மா பெப் சிரிக்கவில்லை. கடிதத்தின் கடைசி வரியை அவள் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. பொய்ச் சான்று என்று முடிவானால் பெர்பெட்டுவா ஃபெலிசியன் என்ற பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அதன்பிறகு அந்தப் பெயரில் எந்தத் தீவுக்கும் ஒரு மூட்டை போகாது. மாவு நின்றுபோனால் இன்னொன்று அரைக்கலாம். பெயர் அப்படி இல்லை; ஐம்பது வருஷமாக அதற்கு முன்னால் யாரும் பொய் என்ற வார்த்தையை வைத்ததில்லை.

மறுநாள் காலை முதல் வண்டியில் தலைநகரம் போனாள். எவரிஸ்ட் கடிதத்தைப் படித்தான். சரக்குப் பட்டியலை எடுத்து மேலே பார்த்தான், கீழே பார்த்தான். கழுத்தில் டையைத் தளர்த்தினான்.

"மா பெப், ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா நீ ஏன் டையை அவுக்கிற?"

"ஃபிக்னா... மத்த எடத்துல எல்லாம் வேற ஏதோ பழமாம். நம்ம ஃபிக் இங்க வேற எண்ணுல, பனானான்னு இருக்கு."

"எந்த எடத்துல வேற பழம்?"

"நம்ம தீவு தவிர..." எவரிஸ்ட் தன் காலணியைப் பார்த்தான். "கிட்டத்தட்ட ஒலகம் பூரா."

மா பெப் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. ரெண்டு பேரும் முட்டாளுங்க. தப்புப் பேரு எழுதிட்டோம்னு ஒரு கடுதாசி போட்டுடு."

"போடலாம். ஆனா இப்பப் போட்டா, மாட்டிக்கிட்டதும் பேச்சை மாத்துறாங்கன்னுதான் நெனைப்பாங்க. நானே அவங்க எடத்துல இருந்தா அப்படித்தான் நெனைப்பேன்."

"அப்ப என் பேரு போச்சா?"

"இல்ல, இல்ல. பொறுங்க." அவன் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இழுத்தான். ஒப்பந்தமும் அதன் இணைப்புகளும். பாதிப் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. "சந்தேகம்னு வந்தா அவங்க உடனே தீர்ப்பு எழுதிட முடியாது. எங்களைக் கேக்கணும். நாங்க பதில் சொல்ல நேரம் குடுக்கணும். வேணும்னா ஆளு அனுப்பித் தோட்டத்தையே பாக்கலாம். பாத்துட்டு, ஏன் இப்படி முடிவு பண்ணினோம்னு எழுத்துல சொல்லணும்."

"கேட்டுத்தான் ஆகணுமா? அவங்களுக்கு இஷ்டம் இருந்தாலும் இல்லாட்டியும்?"

"கேட்டுத்தான் ஆகணும். கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல."

மா பெப் அந்தப் புத்தகத்தின் அட்டையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்துக் கப்பல் காலத்தில் வந்த தாள்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும்?

"அப்ப வரச் சொல்லு, டூடூ," என்றாள். எங்கள் பேச்சில் டூடூ என்றால் கண்ணு மாதிரி. திட்டுவதற்கு முன்னாலும் சொல்வோம், கொஞ்சுவதற்கு முன்னாலும் சொல்வோம். "வந்து பாக்கட்டும். நான் என்ன மரத்தை ஒளிச்சா வெச்சிருக்கேன்?"

பத்து நாளில் வடக்குத் தீவின் சுங்க அலுவலகத்திலிருந்து மிஸ் ஆர்லீன் பின்னக் வந்தாள். நாற்பது வயது இருக்கும். நெட்டையான உருவம், தோள்பையில் கோப்பு, மலை ஏறத் தெரியாத காலணி. எவரிஸ்ட் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தான், வெயிலுக்கா மழைக்கா என்று அவனுக்கே தெரியாமல். மிஸ் பின்னக் வந்ததும் கோப்பைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

"வணக்கம், மிஸ் பெர்பெட்டுவா. இந்த மரத்தை நீங்க எங்க வெச்சிருக்கீங்கன்னு காட்டணும்."

மா பெப் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது என்னது, வெங்காயமா?"

"ஃபிக்."

"இதுவா? இத்துணூண்டு? இதை நாற்பது மூட்டை மாவு ஆக்கணும்னா நான் செத்து என் பேத்தி உரிக்கணும்."

கொட்டகைக்குள் வெரோனிக் இடுப்பில் கட்டியிருந்த துணியை வாயில் திணித்துக்கொண்டாள். மிஸ் பின்னக் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். மா பெப் அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போய் மரம் மரமாகக் காட்டினாள். தார் வெட்டும் இடம், உரிக்கும் பலகை, காயும் தட்டு, அரைக்கும் யந்திரம் எல்லாம் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் கேள்வி கேட்டாள், படம் எடுத்தாள், மறுபடி கேட்டாள். மத்தியானம் ஆனதும் மா பெப் அவள்முன் ஒரு தட்டை வைத்தாள்: வேகவைத்த வாழைக்காய், வதக்கிய கருவாடு, மேலே மிளகாய்.

மிஸ் பின்னக் ஒரு வாய் வைத்தாள். "பனானா நல்லா வெந்திருக்கு."

"ஃபிக்," என்றாள் மா பெப்.

"இது பனானா, மிஸ் பெர்பெட்டுவா."

"ஃபிக், டூடூ."

"எங்க ஊர்ல—"

"எங்க ஊர்ல நீ இப்ப ஒக்காந்திருக்க. சாப்பிடு."

தட்டு காலியான பிறகு மிஸ் பின்னக் பேனாவை மூடிவைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் உங்களை நம்புறேன். வந்த அஞ்சாவது நிமிஷமே நம்பிட்டேன். ஆனா என் நம்பிக்கையை அறிக்கையில ஒட்டி அனுப்ப முடியாது. இங்க வாழை இருக்குன்னு நான் எழுதலாம். அந்த மூட்டையில இருந்ததும் வாழைதான், சான்றிதழ்ல எழுதும்போதே அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்னு காட்டணும். பிரச்சினை வந்தப்புறம் சொன்னது இல்ல. அதுக்கு முன்னாடியே எங்கயாவது எழுதிவெச்சது. ஏதாவது இருக்கா?"

மா பெப் யோசித்தாள். வெரோனிக் யோசித்தாள். எவரிஸ்ட் குடையை மூடித் திறந்து யோசித்தான். சந்தையில் கத்துகிறோம், சமையலறையில் சொல்கிறோம், பிள்ளைகளைத் திட்டும்போதுகூடச் சொல்கிறோம். எழுதிவைப்பது யார்? வாயில் இருப்பதை யாராவது காகிதத்தில் தேடுவார்களா?

"வாரச் சந்தையில வந்து கேளு. முந்நூறு பேரு சொல்வாங்க," என்றாள் மா பெப்.

"உங்க முந்நூறு பேரும் உங்க சொந்தக்காரங்கன்னு எங்க மேலதிகாரி சொல்வாரு."

"அதுல இருநூத்தம்பது பேரு சொந்தக்காரங்கதான்," என்று வெரோனிக் ஒத்துக்கொண்டாள்.

மிஸ் பின்னக்கை வண்டியேற்ற எல்லோரும் இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை. மலையிலிருந்து வாளி வாளியாக ஊற்றும் மழை. வண்டி நிற்கும் இடத்துக்குப் பாதி வழியில் எங்கள் மாதா கோயில், சின்னக் கல் கட்டடம், இருக்கிறது. எல்லோரும் அதற்குள் ஓடி ஒதுங்கினார்கள். கோப்பைச் சட்டைக்குள் வைத்து ஓடிவந்த மிஸ் பின்னக், முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தமே இல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மா பெப்புக்குக் கோபம் வந்தது. "என்ன சிரிப்பு? கோயில்ல?"

சுவரில் இருந்தது பழைய ஓவியம். தோட்டத்தை விட்டு விரட்டப்பட்ட முதல் புருஷனும் முதல் பெண்சாதியும். அவர்கள் பாவம் செய்த பிறகு வெட்கப்பட்டு இலை கட்டிக்கொண்டார்களே, அந்தக் காட்சி. இருவரும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அகலமான, நீளமான, நடுநரம்பு எடுப்பாகத் தெரியும் வாழை இலையைச் சுற்றியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மேலேயும் ஒரு முழு இலை. மழையில் போனால்கூட நனையமாட்டார்கள்.

"எ... எதுக்கு வாழை எலை?" என்றாள் மிஸ் பின்னக் மூச்சு வாங்கிக்கொண்டு.

"பின்ன? ஃபிக் எலையத்தான கட்டிக்கிட்டாங்க! சின்னப் புள்ளையிலேருந்து அப்படித்தான சொல்லிக்குடுத்திருக்காங்க?"

"மிஸ் பெர்பெட்டுவா, வேதத்துல சொல்ற ஃபிக் நான் படத்துல காட்டினது. அதோட எலை இவ்வளவுதான்." அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

மா பெப் அந்தக் கையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஐம்பது வருஷமாகப் பார்த்த சுவர். "அதை வெச்சு என்னத்த மறைக்கிறது?" என்றாள்.

இப்போது எவரிஸ்டும் குடையோடு சுருண்டுவிட்டான். ஆனால் மிஸ் பின்னக் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். படத்துக்கு அடியில், ஈரத்தில் பாதி உரிந்த நீலச் சாயத்தில், வரைந்தவன் எழுதியிருந்தான்: ஃபிக் இலை உடை. அதன்கீழே அவன் பெயர், ஒரு வருஷம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.

"இவரு உங்க சொந்தக்காரரா?" என்றாள் மிஸ் பின்னக், திரும்பாமலே.

"இல்லப்பா. தெக்கேயிருந்து வந்த மீன்பிடிக்காரன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான்."

"ஒப்பந்தம் பொறக்கறதுக்கும் முன்னாடி." மிஸ் பின்னக் கேமராவை எடுத்தாள். பக்கத்திலிருந்து ஒன்று, தூரத்திலிருந்து ஒன்று, எழுத்தை மட்டும் ஒன்று. பிறகு கோப்பைத் திறந்து நின்றுகொண்டே எழுதினாள். மழை விட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். வண்டி ஏறும்போது, "நான் முடிவு சொல்றவ இல்ல, பாத்ததைச் சொல்றவ. ரெண்டு வாரம் ஆகும்," என்றாள். மா பெப் அவள் தோள்பைக்குள் ஒரு பொட்டலம் மாவைத் திணிக்கப் பார்த்தாள். மிஸ் பின்னக் அதை மரியாதையாக வெளியே எடுத்து வைத்தாள். "அப்புறம் நான் எழுதினதுக்கு மதிப்பில்லாம போயிடும், மிஸ் பெர்பெட்டுவா." மா பெப்புக்கு அந்த மறுப்பு மாவைவிடப் பிடித்துப்போனது.

இரண்டு வாரமும் மா பெப் தன் பாட்டுக்கு வேலை செய்தாள். கொட்டகையில் மட்டும் யாரும் பாடவில்லை. மா பெப் உரித்த காயையே மறுபடி எடுத்து உரிக்கப் போவாள். வெரோனிக் அதை வாங்கிவைப்பாள். பெயர் ஏறப்போகும் அந்தப் பட்டியலைப் பற்றி ஆறு பேருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது.

பதினைந்தாம் நாள் எவரிஸ்ட் தானே மலையேறி வந்தான். டை ஒழுங்காக இருந்தது. அதைப் பார்த்ததுமே வெரோனிக் "ஆண்டவரே!" என்று கத்திவிட்டாள். மூட்டைகள் சேர்ந்த நாட்டில் விளைந்த பொருள்தான் என்று ஏற்கப்பட்டுவிட்டன. பெயர் தப்பு நல்லெண்ணத்தில் நேர்ந்தது; சான்றிதழைத் திருத்தித் தரலாம். பெர்பெட்டுவா ஃபெலிசியன் பொய் சொல்லவில்லை. அது தனி வரியாகவே இருந்தது. கீழே காரணம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது காரணம் சுவர். இனிமேல் சான்றிதழில் பனானா என்று எழுதவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

"எழுதறேன்," என்றாள் மா பெப். "எழுத மட்டுந்தான். சொல்லமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றி சொல்லும் நேரம் வந்தபோது மா பெப் எழுந்து நின்றாள். வழக்கமாக உடம்பு சுகத்துக்கும் மழைக்கும் நன்றி சொல்பவள், அன்றைக்கு நீட்டிக்கொண்டே போனாள். கண்ணால் பார்க்காத மந்திரிமார்களுக்கு நன்றி. கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று எழுதிவைத்த கைக்கு நன்றி, அந்தக் கை இப்போது எந்த மண்ணில் இருந்தாலும். தப்பான காலணியில் மலையேறிய பெண்ணுக்கு நன்றி. அந்த மீன்பிடிக்காரனுக்கு நன்றி. "நான் ஒரு வாழைக்காய்க்காரி. எனக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கேள்வி கேட்டுச்சு. அதுவும் மரியாதையா பதில் சொல்லுச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் ஆமென் சொன்னார்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் இதை எழுதுகிறவள், பக்கத்து வீட்டு ஜோசெட், கொட்டகைக்குப் போய் மா பெப்புக்கு வாசித்துக் காட்டினாள். மா பெப் உரித்துக்கொண்டே கேட்டாள். சில இடத்தில் "பொய்" என்றாள், சில இடத்தில் "ம்" என்றாள். முடிந்ததும் கத்தியைத் துடைத்தாள்.

"எல்லார் செஞ்சதையும் எழுதிட்ட. ஒரு ஆளு செஞ்சதை மட்டும் விட்டுட்டியே."

"யாரு, மா பெப்?"

"அந்த ரெண்டு வாரமும் சாயங்காலம் சாயங்காலம் கோயில் சுவத்துக்குக் கீழ செவப்பு மெழுகுவத்தி எரிஞ்சுதாமே. பதினாலு மெழுகுக் கட்டை தரையில ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. கிறிஸ்துமஸுக்குன்னு என் அலமாரியில வெச்சிருந்த செவப்பு மெழுகுவத்திப் பெட்டி இப்பக் காலி."

"எலி தின்னிருக்கும்," என்றாள் ஜோசெட், காகிதங்களை அடுக்கிக்கொண்டே.

மா பெப் அடுத்த காயை எடுத்தாள். "அந்த எலி தீப்பெட்டி எங்க வெச்சிருக்கும், டூடூ? ஒன் பாவாடைப் பையிலயா?"